ஓரத்தில் ஒரு முழங்கை

மோகா ஊரில் நூரிஸின் முழங்கையைப் பார்க்காதவர் கிடையாது. ராதாமேஸ் வீட்டு ஆல்பத்தை எங்கே வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். ஞானஸ்நானம் என்றால் பாதிரியாருக்குப் பக்கத்தில், ஓரமாக, ஒரு முழங்கை. கிறிஸ்துமஸ் விருந்து என்றால் முழுசாகச் சுட்ட பன்றிக்குப் பின்னால் அதே முழங்கை. ராதாமேஸ் முப்பதாவது பிறந்தநாள் கேக்கை வெட்டும் படத்தில் கத்தியைப் பிடித்திருக்கும் அவன் கையைவிட அந்த முழங்கைதான் தெளிவாக விழுந்திருக்கிறது. முகம் மட்டும் எதிலும் இல்லை.

பார்க்கச் சகிக்காத முகமோ என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல களையான முகம். சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும். தெருமுனை லாட்டரிக் கடையில் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ட கனவையெல்லாம் சொல்லி நம்பர் கேட்கிற சனங்களுக்கு அவள் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும்போது, அந்தக் குழியைப் பார்ப்பதற்கென்றே இரண்டு தடவை சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அந்த முகத்தைக் கேமராவுக்குக் காட்டக் கூடாது என்று தடை போட்டவள் ராதாமேஸின் அம்மா, தோன்யா கசில்தா. ‘தோன்யா’ என்பது எங்கள் பக்கம் வயதில் மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

கசில்தா கெட்டவள் அல்ல. நியூயார்க்கில் அலுவலகக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கி, இடுப்பு ஒடிய உழைத்து, அங்கேயே தங்க உரிமை தரும் பச்சை அட்டை வாங்கி, ஒரே மகனையும் அங்கே வரவழைக்க மனுப் போட்டவள். மனு ‘மணமாகாத மகன்’ என்ற வரிசையில் போயிற்று. நடுவில் மகன் கல்யாணம் செய்துகொண்டால் மனு அன்றோடு செத்தது. இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அம்மாவின் மனுவுக்காகக் காத்திருக்கிற ஆண்பிள்ளைகள் எங்கள் தெருக்களில் கல்யாணம் செய்துகொள்வதில்லை. குடித்தனம் நடத்துவார்கள், சண்டை போடுவார்கள், சமாதானமாவார்கள், பதிவாளர் அலுவலகத்துப் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ராதாமேஸும் நூரிஸும் அப்படித்தான் பன்னிரண்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள்.

ஆனால் கசில்தா எதையும் அளவோடு செய்கிறவள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும்.

“அந்தப் பொண்ணு உன்கூட நிக்கிற மாதிரி ஒரு படம் இருக்கக் கூடாது, கேட்டியா? எவனாவது வயித்தெரிச்சல் பிடிச்சவன் அனுப்பி வைப்பான். மோதிரம் கூடாது. ரெண்டு பேர் பேரையும் போட்டுப் பத்திரிகை வந்தா வாங்காதே. கரண்ட் பில்லு உங்க அத்தை பேர்லயே இருக்கட்டும்.”

“சரிம்மா” என்பான் ராதாமேஸ். அவன் அம்மாவிடம் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேசி யாரும் கேட்டதில்லை.

ஆக, எந்த வீட்டு விசேஷத்திலும் யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், “நூரிஸ், வெளியே!” என்று ஒரு குரல் வந்துவிடும். அவளும் ஒரு எட்டு நகர்ந்துகொள்வாள். முதல் வருஷம் குளியலறைக்குள் போய் அழுதாள். பிறகு பழகிவிட்டது. யாரும் சொல்லாமலே, கேமராவின் சத்தம் கேட்கும் முன்பே நகரும் பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. முழங்கை மட்டும் எப்படியோ பின்தங்கிவிடும்.

கடைசியில் மனு பலித்து, ராதாமேஸ் நியூயார்க் போய், ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அடுத்த டிசம்பரில் ஓடி வந்து நூரிஸைப் பதிவாளர் முன்னால் கல்யாணம் செய்துகொண்டான். கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிகள் கை தட்டினார்கள். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனசோடு போனை எடுத்து, “சிரிங்க” என்றார். நூரிஸ் பழக்க தோஷத்தில் ஒரு எட்டு நகர்ந்துவிட்டாள். அவர்களுடைய கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை இருக்கிறான், சாட்சிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள், அப்புறம் அந்த முழங்கை. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நூரிஸும் சேர்ந்துதான் சிரிப்பாள்.

இப்போது மனுப் போடுகிற முறை ராதாமேஸுடையது: மனைவிக்காக. மறுபடி வருஷக்கணக்கில் காத்திருப்பு. டிசம்பருக்கு டிசம்பர் அவன் இரண்டு பெட்டியோடு வருவான், ஜனவரியில் வெறும் பெட்டியோடு போவான். போனில் அவன் குரல் வரவர அலுத்துக்கொண்டே வந்தது. சமைக்கத் தெரியாது, கடையிலேயே நின்றபடி ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறான் என்று கேள்விப்பட்ட நாளில் நூரிஸ் கடைக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரே நின்ற ஆளிடம், “எனக்கு நியூயார்க்கும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்கு அவன் வேணும், அவ்வளவுதான்” என்று உடைந்து சொன்னாள். அந்த ஆள் செத்துப்போன கழுதையைக் கனவில் கண்டு நம்பர் கேட்க வந்தவர். சீட்டு வாங்க மறந்து அவளுக்குக் காப்பி வாங்கி வந்து கொடுத்தார்.

அப்படியிருக்கும்போதுதான் அமெரிக்கத் தூதரகத்திலிருந்து விசா நேர்காணலுக்குத் தேதி வந்தது. பதினேழாம் தேதி. தெரு முழுக்கப் பதினேழில் பணம் கட்டியது. நம்பர் விழவில்லை. “உன் தேதிக்கு ராசியே இல்லையேடி!” என்று நூரிஸைத்தான் திட்டினார்கள்.

நேர்காணலுக்குத் தயார் செய்கிற பொறுப்பை முடிதிருத்தும் சலூன் யோகாஸ்தா எடுத்துக்கொண்டாள். சுற்றுலா விசாவுக்கு மூன்று தடவை போய், மூன்று தடவையும் வேண்டாம் என்று அனுப்பப்பட்டவள். ஆகவே எங்கள் தெருவில் அவள்தான் நிபுணர். நூரிஸை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையில் முடி சுருட்டும் உருளைகளைச் சுற்றிக்கொண்டே கேள்வி கேட்பாள். உலர்த்தும் இயந்திரத்துக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களெல்லாம் அதிகாரிகள்.

“சொல்லுடி, உன் வீட்டுக்காரன் கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பான்?”

“இப்போதைக்கு நியூயார்க் பக்கம்.”

“அடி செருப்பால! அங்க போய் இப்படி வாயாடுனா அடுத்த பஸ்ல திரும்பி வருவே. ஒழுங்கா சொல்லு.”

“சுவர்ப் பக்கம். குறட்டை விடுவான். திருப்பிப் போட்டா நிக்கும்.”

“எவ்வளவு நாளா திருப்பிப் போடுறே?” என்றாள் இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு அதிகாரி. சலூனே சிரித்தது. யோகாஸ்தா மட்டும் சிரிக்கவில்லை. சீப்பைக் கீழே வைத்தாள்.

“இதுதான் சிக்கல்” என்றாள். “அவனுக்கு அட்டை கிடைச்ச மறு வருஷமே கல்யாணம். வியாபாரக் கல்யாணம்னுதான் நினைப்பாங்க. காசு கொடுத்துக் கல்யாணம் பண்றவங்க எத்தனை பேர் இருக்காங்க! கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த படம் எவ வேணா வெச்சிருப்பா. அதுக்கு முன்னால எடுத்த படம் இருக்கா, அதைக் காட்டு.”

நூரிஸ் பை நிறையக் கொண்டுவந்து கொட்டினாள். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். முழங்கை, முழங்கை, ஒரு படத்தில் பாதி இடுப்பு, ஒரு படத்தில் நகர்ந்து போகிற முதுகு. யோகாஸ்தாதான் மெல்லச் சொன்னாள்: “இந்த மாதிரி சுத்தமா யாரும் குடித்தனத்தை மறைச்சதில்லடி.”

நூரிஸ் படங்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். அத்தனை வருஷம் உண்மையாக வாழ்ந்ததற்குத் துளி அத்தாட்சி இல்லை. அதை இல்லாமல் செய்ததும் அவர்களேதான்.

அந்த வாரம் கசில்தா நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கினாள், பெரிய பெட்டியோடும் அதைவிடப் பெரிய யோசனையோடும். போட்டோ ஸ்டுடியோ வெலிங்டன் கம்ப்யூட்டரில் முகத்தை ஒட்டித் தருவானாம். பழைய படங்களில் மகன் பக்கத்தில் நூரிஸை நிற்கவைத்துவிடலாமாம்.

“காதலிச்சோம்னு சொல்லு. தனித்தனி வீட்டுல இருந்தோம்னு சொல்லு. நீ உங்க அம்மா வீட்டுல இருந்தே, புரியுதா? ஒரே வீட்டுல இருந்தோம்னு வாய் தவறிச் சொன்னே, என் மகனோட அட்டையைப் பிடுங்கிடுவாங்க. பொய் சொல்லி வந்தவன்னு சொல்லுவாங்க. என்னோடதையும் சேர்த்துப் பிடுங்குவாங்க.”

“தோன்யா, நீங்களே என்னை வெளியே தள்ளினீங்க. இப்ப நீங்களே உள்ளே ஒட்டுறீங்களா?”

“அப்ப அது தேவை. இப்ப இது தேவை. அழகா சிரி, வெலிங்டன் படம் எடுக்கட்டும்.”

போனில் ராதாமேஸ், “அம்மா சொல்றபடி செஞ்சிடேன்” என்றான். வேறென்ன சொல்வான்!

வெலிங்டன் ஐம்பது வயது ஆள். பிணத்தையும் சிரிக்கவைத்துப் படம் எடுப்பேன் என்று பீற்றிக்கொள்கிறவர். ஒரே ஒரு படம் எடுத்து அதையே எல்லாவற்றிலும் ஒட்டித் தந்தார். ஞானஸ்நானத்திலும் அதே சிரிப்பு, ராதாமேஸின் மாமா சாவு வீட்டிலும் அதே சிரிப்பு. பத்து வருஷத்துக்கு முந்தைய விருந்தில், போன மாதம் வாங்கிய கம்மல் தொங்கியது. எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது பிறந்தநாள் படம்தான். நடுவில் கணவனை ஒட்டி நின்று நூரிஸ் கன்னத்தில் குழி விழச் சிரிக்கிறாள். ஓரத்தில் அவளுடைய பழைய முழங்கை அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

“மூணு கை இருக்கே, தோன்யா!”

“யார் எண்ணப் போறா?” என்றாள் கசில்தா.

பதினேழாம் தேதி விடியும்போதே கிளம்பி, தலைநகர் சாந்தோ டொமிங்கோவில் தூதரகத்துக்கு எதிரே இறங்கினார்கள். எங்கள் நாட்டில் பாதிப் பேர் அந்தத் தெருவில்தான் நிற்கிறார்களோ என்று தோன்றும். காப்பி விற்கிறவன், பை பார்த்துக்கொள்கிறவள், ஜெபம் செய்து நெற்றியில் எண்ணெய் தடவுகிற ஒரு அம்மாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. நூரிஸ் போனைக் கசில்தாவிடம் கொடுத்தாள். யோகாஸ்தா முந்தின நாள் நீவி நேராக்கிவிட்ட கூந்தல் ஈரக்காற்றில் அதற்குள் சுருள ஆரம்பித்துவிட்டது. கையில் இருந்த உறையில் மேலே ஒட்டின படங்கள். அடியில் அந்தப் பழைய படங்களையும் வைத்திருந்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வீட்டில் விட்டுவர மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

“அம்மா வீட்டுல இருந்தே” என்று கடைசியாக ஒரு தடவை சொல்லி, கசில்தா அவள் முதுகில் சிலுவை போட்டாள்.

கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் அதிகாரி. ஸ்பானிஷ் நன்றாகப் பேசினாள், கொஞ்சம் பள்ளிக்கூடத்து வாசனையோடு. சத்தியம் செய்யக் கையைத் தூக்கச் சொன்னாள். நூரிஸ் தூக்கினாள். உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்றாள்.

“கல்யாணத்துக்கு எவ்வளவு நாள் முன்னால இருந்து தெரியும், செனோரா?”

“ரொம்ப வருஷமா.”

“அப்ப எடுத்த படம் ஏதாவது இருக்கா?”

நூரிஸ் உறையில் மேலே இருந்த பிறந்தநாள் படத்தை எடுத்தாள். ஜன்னலுக்கு அடியிலுள்ள இடுக்குக்கு அருகே கொண்டுபோனாள். அதிகாரி கையை நீட்டினாள். மூன்று கையோடு தானே தன்னைப் பார்த்துச் சிரிப்பதை நூரிஸ் பார்த்தாள். இந்தச் சிரிப்பு அன்றைக்கு அவளிடம் இருந்ததே இல்லை. அன்றைக்குச் சமையலறைக் கதவோரமாக, எண்ணெய்க் கையோடு நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் வாழ்க்கை. அதைத் தூக்கி எறிந்துவிட்டு இந்தப் பல்லிளிப்பையா கொடுப்பது?

கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“இது வேணாம்மா. வாங்காதீங்க. இது ஒட்டினது, பொய்.”

அதிகாரியின் முகம் மாறியது. “ஏன் ஒட்டினீங்க?”

அவ்வளவுதான், அவன் அட்டை போச்சு, மாமியார் அட்டையும் போச்சு என்று நூரிஸுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகும் வாய் நிற்கவில்லை.

“ஏன்னா நிஜப் படத்துல நான் இல்ல. இந்தாங்க, பாருங்க. இந்தக் கை என்னுது. இதுவும் என்னுது. பன்னிரண்டு வருஷம் அவன்கூட ஒரே வீட்டுல இருந்தேன், ஒரே தட்டுல சாப்பிட்டேன். படம் எடுத்தா நகருன்னு சொன்னாங்க, நகர்ந்தேன். மாமியாரோட மனு செத்துடக் கூடாதேன்னு. அவன்மேல தப்பு இல்லம்மா. அவன் பொய் சொல்லல, கல்யாணம் ஆகலன்னுதான் சொன்னான், ஆகவும் இல்ல. தண்டனை குடுக்கிறதா இருந்தா எனக்குக் குடுங்க. அவனோட அட்டையைத் தொடாதீங்க.”

பழைய படங்களை ஒவ்வொன்றாக இடுக்கு வழியே தள்ளினாள். அதிகாரி வரிசையாகப் பரப்பினாள். கல்யாணப் படம் வந்ததும் நிமிர்ந்தாள்.

“இதுலயுமா?”

“பழக்கம்மா. குமாஸ்தா போனைத் தூக்கினதும் கால் தானா நகர்ந்துடுச்சு.”

அதிகாரி உதட்டைக் கடித்தாள். பக்கத்து ஜன்னல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு, தும்மல் வந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். தோள் மட்டும் குலுங்கியது.

“செனோரா,” என்றாள் அதிகாரி, “சேர்ந்து வாழ்றது வேற, கல்யாணம் வேற. உங்க வீட்டுக்காரர் அப்ப சட்டப்படி கல்யாணம் பண்ணிக்காம இருந்தார்ல? அது போதும். ஒரே வீட்டுல இருக்கக் கூடாதுன்னோ, படத்துல நிக்கக் கூடாதுன்னோ யாரும் கேக்கவே இல்லையே.”

“கேக்கலையா?”

“இல்ல.”

“ஒரு தடவைகூடவா?”

“இல்ல செனோரா.”

நூரிஸ் வாய் பிளந்து நின்றாள். அதிகாரி இன்னும் சில கேள்விகள் கேட்டாள். வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் என்ன செய்வார், எதற்குக் கோபப்படுவார் என்று. நூரிஸ் அரைமயக்கத்தில் பதில் சொல்லத் தொடங்கி, காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை போடுவது, அம்மாவிடம் ‘சரி’ தவிர வேறொன்றும் பேசத் தெரியாதது, பேஸ்பால் ஆட்டத்தில் தோற்றால் சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுப்பது, பிறகு வந்து பானையைத் திறப்பது என்று கொட்டித் தீர்த்தாள். யோகாஸ்தா சொல்லிக்கொடுத்த ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதிகாரி கையைத் தூக்கி, “போதும், போதும், நம்புறேன்” என்றாள். ஒட்டின படங்களைக் கிழித்துப் போடச் சொன்னாள். பாஸ்போர்ட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். “விசா தர்றோம். வாழ்த்துகள்.”

வெளியே வெயில் கொளுத்தியது. கசில்தா நடைபாதை ஓரத்தில் வாடகை நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். நூரிஸின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது, கோபமும் இருந்தது. எது அதிகம் என்று சொல்ல முடியாது.

“குடுத்துட்டாங்க” என்றாள் நூரிஸ்.

கசில்தா, “அல்தாகிராசியா மாதாவே!” என்று அலறி அவளைக் கட்டிக்கொள்ளப் பாய்ந்தாள். நூரிஸ் கையை நீட்டித் தடுத்தாள்.

“தேவையே இல்லையாம், தோன்யா. எதுவுமே தேவையில்லையாம். சேர்ந்து இருக்கலாமாம், படம் எடுக்கலாமாம். யார் உங்ககிட்ட கூடாதுன்னு சொன்னது?”

கசில்தா விழித்தாள். “துணி துவைக்கிற கடையில... பக்கத்து மெஷின்ல ஒருத்தி.”

“எவ அவ?”

“பேரு தெரியாது. அவளும் நம்ம நாட்டுக்காரிதான், சான்ட்டியாகோ பக்கம். ரொம்ப விவரமா பேசினா.”

“பேரு தெரியாத ஒருத்தி பேச்சைக் கேட்டு என் கல்யாணப் படத்துலயே நான் இல்ல! முதல் வருஷம் குளியலறையில உக்காந்து அழுதேன், தெரியுமா உங்களுக்கு? என்னை வெச்சுக்க வெக்கப்படுறாங்கன்னு நினைச்சேன்.”

ஊரையே அடக்குகிற கசில்தாவின் வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. “வெக்கமா? பயம்டி! தரையைத் தேய்ச்சுத் தேய்ச்சு வாங்கினது, போயிடுமேங்கிற பயம்” என்றாள். “தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு.” அதற்குமேல் பேச முடியாமல் கைக்குட்டையில் மூக்கைச் சிந்தினாள்.

அப்போது நூரிஸின் போன் கசில்தாவின் பைக்குள் அடித்தது. நூரிஸ் எடுத்தாள். “என்ன ஆச்சு?” என்றான் ராதாமேஸ். மளிகைக் கடை இரைச்சல் பின்னால் கேட்டது. “வரேன்” என்றாள். அந்தப் பக்கம் முப்பத்தொன்பது வயது ஆம்பளை, வாடிக்கையாளர்கள் முன்னாலேயே விசும்புகிற சத்தம் வந்தது. “அழாதடா, கல்லாவைப் பாரு” என்றாள் நூரிஸ், தானும் அழுதுகொண்டே.

மோகா பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். தலைநகர் எல்லை தாண்டும்வரை கசில்தா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரித் தொண்டையைச் செருமினாள்.

“எல்லாரும் கேளுங்க! இவ என் மருமக. பேரு நூரிஸ். என் மகன் ராதாமேஸோட பொண்டாட்டி. நேத்து வந்தவ இல்ல, பன்னிரண்டு வருஷம் என் மகனுக்கு ஆக்கிப் போட்டவ, அப்புறமும் விடாம காத்திருந்தவ!”

“வாழ்த்துகள்!” என்றார் டிரைவர். யாரோ கை தட்டினார்கள். பின்சீட்டில் கோழிக்கூடையோடு இருந்தவர், “இப்ப எதுக்கு இதைச் சொல்றீங்க?” என்றார்.

“இவ்வளவு நாள் சொல்லல, அதான்!” என்று கசில்தா அவர் பக்கம் திரும்பி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நூரிஸ் வெட்கம் தாங்காமல் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். “போதும் தோன்யா, உக்காருங்க.”

“ஏன் உக்காரணும்? இனிமே யாருக்குப் பயம்?”

பாதி வழியில், போனாவோ ஊரில் இறங்கினவர்களின் சீட்டில் புதிதாக ஏறினவர்கள் உட்கார்ந்தார்கள். கசில்தா அவர்களுக்கும் முதலிலிருந்து சொன்னாள். நூரிஸ் அப்புறம் அவளைத் தடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை என்றுதான் அவளுக்கு இருந்தது.